காய்ச்சலைக் காட்டிக்கொடுத்த புள்ளி

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பாலமோ கொடிமலையோ அல்ல, சாப்பாடுதான். நாசி கண்டாருக்காகக் கோலாலம்பூரிலிருந்து கார் எடுத்து வருபவர்கள் இருக்கிறார்கள். லக்சாவுக்கும் செண்டோலுக்கும் வெயிலில் வரிசை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். தைப்பூசம் வந்துவிட்டால் தண்ணீர்மலை போகும் சாலை நெடுக தண்ணீர்ப் பந்தல்கள். பெயர்தான் தண்ணீர்ப் பந்தல். மோரும் பானகமும் மட்டுமா, இட்டிலி முதல் பிரியாணி வரை எல்லாம் கிடைக்கும். ஜாதி மதம் பாராமல் கை நீட்டியவர்களுக்கெல்லாம் சாப்பாடு.

இவ்வளவு கைகள் சமைத்து, இவ்வளவு வாய்கள் உண்ணும் ஓர் ஊரில், கண்ணுக்குத் தெரியாத ஒரு விருந்தாளியும் பந்தியில் வந்து உட்கார்ந்துவிடக்கூடும். அந்த விருந்தாளியின் பெயர் டைபாய்டு. அதை விரைவாக அடையாளம் காண ஒரு வழி சொன்னவர் நம் நாட்டுப் பெண் விஞ்ஞானி, பேராசிரியர் டாக்டர் அஸ்மா இஸ்மாயில். பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்.மில் நடந்த ஆராய்ச்சி அது. இன்றைய உரை அதைப் பற்றியது.

வயிற்றில் நுழைந்து இரத்தத்தில் குடியேறும் நோய்

டைபாய்டை வெறும் வயிற்றுப்போக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படிப்பட்ட நோயல்ல. சால்மோனெல்லா டைஃபி என்ற கிருமி உணவிலோ தண்ணீரிலோ கலந்து வாய் வழியாக உள்ளே போகிறது. சிறுகுடலின் சுவரைத் துளைத்து இரத்தத்தில் இறங்குகிறது. கல்லீரல், மண்ணீரல், பித்தப்பை என்று ஒவ்வோர் இடமாகப் போய்த் தங்குகிறது. ஓரிரு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தலைகாட்டும். முதல் நாள் லேசாக, மறுநாள் கொஞ்சம் கூட, அதற்கு மறுநாள் இன்னும் கூட என்று படிப்படியாக ஏறும். கவனிக்காமல் விட்டால் குடலில் ஓட்டை விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்தக் கிருமிக்கு மனித உடலைத் தவிர வேறு வீடு கிடையாது. ஆடு, மாடு, கோழி எதிலும் அது வாழ்வதில்லை. அப்படியானால் ஒருவருக்கு டைபாய்டு வந்தால், எங்கோ இன்னொரு மனிதரின் கழிவு அவர் உண்ட உணவையோ குடித்த தண்ணீரையோ தொட்டிருக்கிறது என்றுதான் பொருள். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் உண்மை அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மட்டும் சுமார் 90 லட்சம் பேருக்கு இந்நோய் வந்தது; சுமார் 1,10,000 பேர் இறந்தனர்.

கோலாலம்பூரில் கிடைத்த மருந்து

டைபாய்டின் சரித்திரத்தில் நம் நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. பலருக்கு இது தெரியாது. 1948இல் அமெரிக்க மருத்துவர்கள் குழு ஒன்று, குளோரம்பெனிகோல் என்ற புதிய மருந்தோடு கோலாலம்பூர் வந்தது. அவர்கள் தேடி வந்தது வேறு நோய். புதர்களில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் அது. அந்தக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு, பிறகு பார்த்தால், இருந்தது டைபாய்டு. அவர்களும் குணமாகிவிட்டார்கள்! உடனே டைபாய்டு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் எரிந்த காய்ச்சல் சில நாட்களில் தணிந்தது. டைபாய்டுக்கு முதல் நல்ல மருந்து உலகுக்குக் கிடைத்தது மலாயா மண்ணில்தான்.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் வந்திருப்பது டைபாய்டுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டெங்கிக்கும் காய்ச்சல், மலேரியாவுக்கும் காய்ச்சல், எலிக் காய்ச்சலுக்கும் காய்ச்சல். ஆரம்பத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான்.

பழைய சோதனையின் தொல்லை

1896இல் பிரெஞ்சு மருத்துவர் விடால் கொடுத்த இரத்தச் சோதனையைத்தான் நூறு ஆண்டுகளாக நம் ஆஸ்பத்திரிகள் நம்பியிருந்தன. டைபாய்டு அடிக்கடி வருகிற ஊர்களில் அது குழப்பும். எப்போதோ நோய் வந்து போனவருக்கும் ஆம் என்று சொல்லும். தடுப்பூசி போட்டவருக்கும் ஆம் என்று சொல்லும். இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது நம்பகமான வழி. அதற்கோ நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். நல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். நோயாளி முன்பே மாத்திரை விழுங்கியிருந்தால் கிருமி வளராமலும் போகலாம்.

இந்த இடத்தில்தான் அஸ்மா இஸ்மாயில் வருகிறார். அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், கிளந்தானில் குபாங் கெரியானில் இருக்கும் யு.எஸ்.எம். மருத்துவ வளாகத்தில் பணியில் சேர்ந்தார். கிளந்தானில் டைபாய்டு நெடுங்காலமாக இருந்துவரும் நோய். நோய் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஆராய்ச்சியும் நடந்தது.

அவரும் அவர் குழுவினரும் டைபாய்டு கிருமியின் வெளித்தோலில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 50 கிலோடால்டன் எடையுள்ள புரதம் அது. டைபாய்டு வந்தவரின் உடல், இந்தப் புரதத்தை எதிரி என்று அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. இந்தப் புரதத்தை ஒரு சிறு பட்டையில் புள்ளியாக வைத்து, நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த நீரில் ஊறவைத்தால், எதிர்ப்புப் பொருள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு நிறமூட்டினால் புள்ளி கண்ணுக்குத் தெரியும். புள்ளி தெரிந்தால் டைபாய்டு என்று சந்தேகிக்கலாம். இவ்வளவுதான் விஷயம்! விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. நாட்கணக்கு மூன்று மணி நேரமாகச் சுருங்கியது.

இன்னொரு நுட்பமும் உண்டு. நோய் புதிதாக வந்தால் ஐ.ஜி.எம். என்ற வகை எதிர்ப்புப் பொருள் முதலில் தோன்றும். நோய் போன பிறகும் நெடுநாள் தங்குவது ஐ.ஜி.ஜி. வகை. இரண்டையும் தனித்தனியே பார்த்தால், இது இன்றைய காய்ச்சலா, பழைய காய்ச்சலின் சுவடா என்று ஓரளவு சொல்லலாம்.

டைஃபிடாட் என்ற பெயரில் 1994இல் இது விற்பனைக்கு வந்தது. உள்ளூர் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஒரு கண்டுபிடிப்பு, ஏட்டிலேயே தூங்காமல் ஆசியாவின் பல நாட்டு மருத்துவமனைகளுக்குப் போனது. அஸ்மா பின்னர் யு.எஸ்.எம்.மின் மூலக்கூற்று மருத்துவ ஆய்வுக் கழகத்தை வழிநடத்தினார். 2016இல் அதே பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தராகப் பினாங்குக்கு வந்தார்.

அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். ரவிச்சந்திரன், இன்னொரு குடல் நோயான காலராவுக்குத் தடுப்பு மருந்து தேடும் ஆராய்ச்சியிலும், குளிர்பதனம் இல்லாமலேயே கெடாமல் இருக்கும் சோதனைப் பொருள்களை உருவாக்குவதிலும் ஈடுபட்டார். பிற்பாடு அவர் கெடாவில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

டைஃபிடாட் குறையே இல்லாத சோதனை என்று சொல்லிவிட முடியாது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, இத்தகைய விரைவுச் சோதனைகளின் துல்லியம் நடுத்தரமானது என்றுதான் சொன்னது. ஆகவே டாக்டர் இரத்தக் கிருமிச் சோதனையும் எடுக்கச் சொன்னால், எதற்கு இரண்டு செலவு என்று முகம் சுளிக்கக் கூடாது.

நோயில்லாதவர் தரும் நோய்

குணமானவர்களில் நூற்றுக்கு ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரை, கிருமியைப் பித்தப்பையில் சுமந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தினமும் வேலைக்குப் போவார்கள். அந்த வேலை சமையல் வேலையாக இருந்துவிட்டால்தான் சிக்கல்.

அமெரிக்காவில் மேரி மாலன் என்ற சமையற்காரப் பெண்ணின் கதை இதற்குச் சான்று. அவர் வேலை பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் டைபாய்டு வந்தது. 1907இல் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் விடுதலையானார். வேறு வேலையில் சம்பளம் கட்டவில்லை. மறுபடி கரண்டி பிடித்தார். 1915இல் மீண்டும் பிடிபட்டு, 1938இல் இறக்கும்வரை தனிமையிலேயே காலம் கழிந்தது. குற்றவாளியா அவர்? உடம்பில் நோய் இல்லாதவளை நோயாளி என்கிறார்களே என்றுதான் கடைசிவரை அவருக்குப் பட்டது. அவருடைய பிழைப்புக்கு யாரும் சரியான வழி செய்யவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இதே கேள்வி இன்று நம் அங்காடிக் கடைகளிலும் மாமாக் கடைகளிலும் இருக்கிறது. நாள் சம்பளத்துக்கு மங்கு கழுவும் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால், லீவு போடுவானா, இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவானா? லீவுக்குச் சம்பளம் உண்டு என்று முதலாளி சொல்லியிருந்தால்தான் அவன் உண்மையைச் சொல்வான். அந்த இரண்டு நாள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய், கடைப் பெயரே கெட்டுப்போகலாம்.

2005இல் கிளந்தானில் டைபாய்டு பரவியபோது 700க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், இருவர் இறந்தனர். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள், உணவைக் கையாள்பவர்கள் பயிற்சி பெற வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. 2023 தொடக்கத்தில் அமலாக்கம் கடுமையாகும் என்றதும் கிளினிக்குகளில் கூட்டம் நெரிந்து, ஊசிக்குத் தட்டுப்பாடு வந்து, அவகாசம் கொடுக்கும்படி ஆனது நினைவிருக்கலாம். விதி வந்தது 2009இல், ஓடியது 2023இல்! மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போடும் ஊசியை அபராதத்துக்குப் பயந்து கடைசி நாளில் போட வேண்டுமா?

ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

பள்ளி விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். சொந்த ஊர்தானே, பாட்டி வீடுதானே என்ற தைரியத்தில் ஊசியை மறந்துவிடுகிறோம். மேலைநாடுகளில் டைபாய்டு வருபவர்களில் பெரும்பாலோர், தெற்காசியாவில் உறவினரைப் பார்க்கப் போய்த் திரும்பியவர்கள்தான். தாத்தாவின் வயிற்றுக்குப் பழகிய தண்ணீர், இங்கே பிறந்த பேரப்பிள்ளைக்குப் பழகியிருக்காது.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஊசி போடுங்கள். கொதித்த தண்ணீர் அல்லது மூடி திறக்காத பாட்டில் தண்ணீர் குடியுங்கள். ஐஸ் கட்டியும், வெட்டி வைத்த பழமும், ஆறிப்போன சட்னியும் வேண்டாம். திரும்பி வந்த பின் மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை பாதி வைத்தியம்.

கொடுத்த மாத்திரையை முழுவதும் முடியுங்கள். 1948இல் அதிசயம் செய்த குளோரம்பெனிகோலுக்கு, 1972இல் மெக்சிகோவிலும் கேரளத்துக் கோழிக்கோட்டிலும் கிருமி அடங்க மறுத்தது. 2016இலிருந்து பாகிஸ்தானில் பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத டைபாய்டு பரவியிருக்கிறது. மருந்து கைவிட்டால் மிஞ்சுவது ஊசியும் சுத்தமும்தான்.

தண்ணீர்ப் பந்தல் நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அண்டா, அடுப்பு, வாழையிலை என்று பட்டியல் போடும்போது, தொண்டர்கள் கை கழுவ ஒரு குழாயும் சோப்பும் அந்தப் பட்டியலில் சேரட்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ளவர் அன்றைக்குக் கரண்டி பிடிக்க வேண்டாம். செருப்பைப் பார்த்துக்கொள்ளும் சேவையும் முருகனுக்குச் செய்யும் சேவைதான்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக்கிக் காட்டிவிட்டார்கள். அந்தப் புள்ளி யார் பெயரிலும் விழாமல் பார்த்துக்கொள்வது அடுப்படியில் நிற்கிறவர் கையிலும், அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவர் மனத்திலும் இருக்கிறது.