விரிசலின் வாய்: மாநாட்டுத் தலைமை உரை

  

அயர்வு விரிசல் கண்ட எஃகை இழைத் தகடுகளால் வலுவூட்டுவதில் இன்றைய நிலை என்ன என்பது இந்த மாநாட்டின் பொருள். அதை அமர்வுகளின் கட்டுரைகளே சொல்லிவிடும். இழைத் தகடு இலேசானது, துருப்பிடிக்காது, துளையிடவோ பற்றவைக்கவோ தேவையில்லை என்பதெல்லாம் நீங்கள் அறிந்தவை. என் நேரத்தை ஒரே கேள்விக்குக் கொடுக்க விரும்புகிறேன்: ஒட்டிய தகடு விரிசலை எப்படித் தடுக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில், நான் பெரிதும் மதிக்கும் பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் கணக்கு ஒன்று போட்டார். 20 மி.மீ. எஃகுத் தகடு, இரு முகங்களிலும் 1.4 மி.மீ. கார்பன் இழைத் தகடு. மீள்குணகம் எஃகுக்கு 205, கார்பன் தகட்டுக்கு 165 கிகாபாஸ்கல். எஃகில் தகைவு குறைவது 10 விழுக்காடுதான். விரிசல் வளரும் வேகத்தைச் சொல்லும் பாரிஸ் விதியின் அடுக்கு 3 என்று கொண்டால் ஆயுள் ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. இதற்கா இவ்வளவு செலவு என்று கேட்டார். அவை தலையசைத்தது. நான் அன்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அது விரிசல் விழாத தகட்டின் கணக்கு. விரிசல் விழுந்த இடத்தில் எஃகு இழுவிசையைத் தாங்குவதில்லை. அங்கே வாய் பிளக்கப் பார்க்கும் இரு கரைகளையும் மேலே ஒட்டியிருக்கும் தகடுதான் சேர்த்துப் பிடிக்கிறது.

இது புதுச் செய்தியன்று. மெல்போர்னில் இருந்த ஆஸ்திரேலிய அரசின் வானூர்தி ஆய்வுக்கூடத்தில் ஆலன் பேக்கர் குழுவினர் 1970களிலேயே ஹெர்குலிஸ், மிராஜ் விமான இறக்கைகளின் விரிசல்கள்மீது போரான் இழைத் தகடுகளை ஒட்டினார்கள். அங்கேயே ஃபிரான்சிஸ் ரோஸ் 1981இல் இதற்கான பகுப்பாய்வை வெளியிட்டார். ஒட்டுக்கு அடியில் விரிசல் நீள நீள, முனையின் தகைவுச் செறிவு ஏறிக்கொண்டே போவதில்லை. ஓர் எல்லையை நெருங்கி நின்றுவிடுகிறது. விரிசல் வளரும் வேகமும் அதனால் அடங்குகிறது. இதைவிட நமக்கு வேண்டிய முடிவு வேறென்ன? அலுமினிய விமானத்துக்கு எழுதியது என்பதாலேயோ என்னவோ, எஃகுப் பாலங்களைப் பற்றிய நம் கட்டுரைகளில் அந்தப் பெயர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். இது எனக்கு உண்மையான வருத்தம்.

அந்த எல்லை எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதில் பசைக்கும் பெரும்பங்கு உண்டு. பசைப்படலம் தடித்தாலோ இளகினாலோ எல்லை மேலேறும். களத்தில் சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்சிப் பசைகள் பல, 50 முதல் 65 பாகை செல்சியஸுக்குள் இளகத் தொடங்குபவை. சித்திரை வெயிலில் காயும் பால உத்தரத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். ஒட்டு நிலைக்க, மெல்போர்ன்காரர்கள் பரப்பைத் துகள் வீசிப் பிளாஸ்டிங் செய்து, சிலேன் என்ற பிணைப்புப் பொருளைப் பூசி, அதன்பிறகே ஒட்டினார்கள். போரானைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், கார்பனைப்போல் அது அலுமினியத்தை அரிக்கவைப்பதில்லை. நம் எஃகும் ஈரத்தில் கார்பனைத் தொட்டால் அரிக்கும். நடுவில் ஒரு கண்ணாடியிழைப் படலம் வைத்தால் போதும். அதையும் வரைபடங்களில் விட்டுவிடுகிறோம்.

ஒருபக்கம் மட்டும் ஒட்டினால் வளைவு புகுந்து பலன் வெகுவாகக் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உத்தரங்களில் பல இடங்களில் நமக்குக் கிடைப்பதும் அந்த ஒரு பக்கம்தான். அங்கே பேராசிரியரின் ஐயத்துக்கு இன்னும் இடமுண்டு.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். பசைப்படலத்தின் தடிப்பு, பிளாஸ்டிங் முடிந்து ஒட்டும்வரை கடந்த நேரம், சோதனைக்கூடத்தின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் மேடையில் சொல்லுங்கள். அந்தப் பேராசிரியர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அதே 20 மி.மீ. தகட்டில் 50 மி.மீ. விரிசல் ஒன்றைச் சேர்த்து, அந்தக் கணக்கை இந்த அவையில் மறுபடி போட்டுக் காட்டுமாறு அவரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.