ஆஸ்பத்திரியும் தூண்டில் மடலும்

பஞ்சாயத்து உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே!

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான ஒரு பயிற்சியைப் பற்றி நம்மிடம் ஏன் பேச்சு என்று நீங்கள் எண்ணக்கூடும். அயர்லாந்து நாட்டில் நடந்ததை முதலில் கூறுகிறோம்.

2021-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள், அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் மின்னஞ்சலுடன் வந்த எக்செல் தாள் ஒன்றைத் திறந்தார். அவர் செய்தது அவ்வளவே. அவ்வழியே நுழைந்த கயவர்கள் எட்டு வார காலம் ஓசையின்றி உள்ளே உலவினர். மே 14-ஆம் நாள் கணினிகளிலிருந்த விவரங்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டனர். டப்ளின் நகரத்து ரோட்டண்டா பிரசவ ஆஸ்பத்திரியில், 36 வாரம் நிறையாத கர்ப்பிணிகள் அவசரமிருந்தாலன்றி வரவேண்டாமென்று அறிவிக்க நேர்ந்தது. நாடெங்கும் டாக்டர்களும் நர்சுகளும் காகிதத்தையும் பேனாவையும் நாடினர். அரசாங்கம் பணம் தர மறுத்தது. ஆறு நாட்களில் கயவர்களே திறவுகோலைக் கொடுத்துவிட்டனர். இருந்தும் நிலைமை சீர்படச் செப்டம்பர் மாதமாயிற்று.

தாளைத் திறந்தவரை மட்டும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. மார்ச்சு 31-ஆம் நாளே அக்கணினியிலிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆபத்தைக் கண்டது. ஆனால் கண்காணிக்க மட்டுமே அதனை அமைத்திருந்தனர், தடுக்க அல்ல. காவற்காரன் திருடனைப் பார்த்தான், கூவவும் செய்தான், கேட்பார்தான் இல்லை.

அமெரிக்காவில் 6 சுகாதார நிறுவனங்கள், 2011 முதல் 2018 வரை, சோதனைக்காகத் தம் ஊழியர்களுக்குத் தாமே ஏறத்தாழ 30 லட்சம் போலி மடல்களை அனுப்பின. ஏழு மடலுக்கு ஒன்று வீதம் ஊழியர்கள் ஏமாந்தனர். திரும்பத் திரும்பச் சோதித்த இடங்களில் ஏமாறுவது குறைந்தது. ஆயினும் 2025-இல் சான் டியாகோ நகரில் 19,000-க்கு மேற்பட்ட ஊழியர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. பயிற்சி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே ஏமாறும் வீதத்தில் வேற்றுமை 1.7 சதவீதமே. வகுப்பு நடத்திக் கையெழுத்து வாங்கினால் போதும் என்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

நாம் கருதுவது இதுவே. அனுப்பியவரின் பெயரை நம்பாமல் முகவரியை முழுதும் படிக்கவும், கடவுச்சொல் கேட்கும் மடலுக்கு இணங்காதிருக்கவும், மடலில் கண்ட எண்ணை விட்டு நாம் முன்பே அறிந்த எண்ணில் கேட்கவும் பழக்க வேண்டும். ("அவசரம்" என்று தலைப்பிட்ட மடலைக் கண்டால் நம் கையும் பதறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.) அதனினும் முக்கியம், தவறிச் சொடுக்கியவர் அக்கணமே அஞ்சாமல் வந்து சொல்லுவது. ஏச்சுக்குப் பயந்து அவர் மறைக்கும் நேரம் கயவர்களுக்கு லாபம்.

பி.எம். கிசான் தொகையின் பெயரால் உங்கள் கைபேசிக்கு வரும் போலிச் செயலியும் இதே தூண்டில்தான். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும்பொழுது, அங்கே கணினியில் பதிவு செய்பவரிடம், சந்தேகமான மடல் வந்தால் யாருக்குத் தெரிவிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் விடையளிக்கத் தயங்கினால், அதனைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எடுத்துரைத்து எமக்கும் எழுதுங்கள்.