காபிச் சக்கையும் முளைக்காத கீரையும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எங்கள் பள்ளித் தோட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முளைக்காமல் போன ஒரு பாத்தியைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

பள்ளிக்கு எதிரே ஒரு மெஸ் இருக்கிறது. டிகாஷன் இறக்கிய காபிச் சக்கையைத் தினமும் ஒரு வாளி குப்பையில் கொட்டுவார்கள். அதில் ஏறத்தாழ 2 சதவீதம் நைட்ரஜன் உண்டு என்று படித்திருந்தேன். "காசில்லாத உரம்" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லி, கீரை விதைத்த பாத்தியின்மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினோம். பக்கத்துப் பாத்திக்குச் சக்கை போதவில்லை.

பத்து நாளாகியும் சக்கை போட்ட பாத்தி வெறுமனே கிடந்தது. "விதை சரியில்லைப்பா" என்றேன். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் நகரவில்லை. "அதே விதைதானே டீச்சர் பக்கத்துப் பாத்தியில முளைச்சிருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பதில் தெரியாததைவிட விதைமேல் பழி போட்டதுதான் உறுத்தியது. மறுநாள் வகுப்பில், "நான் சொன்னது தவறாக இருக்கலாம், சோதித்துப் பார்ப்போம்" என்றேன். சத்துணவுக்கூடத்தில் சிரட்டை கிடைத்தது. சிலவற்றில் வெறும் மண், சிலவற்றில் பாதி மண்ணும் பாதி சக்கையும். ஒவ்வொன்றிலும் பத்து வெந்தயம். வெறும் மண்ணில் ஒன்பது, பத்து என்று முளைத்தன. சக்கை கலந்ததில் மூன்றைத் தாண்டவில்லை. முளைத்தவையும் குட்டையாகவே நின்றன.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். டிகாஷன் இறக்கிய பிறகும் சக்கையில் கொஞ்சம் காஃபீன் தங்கும். அது இளநாற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். நைட்ரஜன் இருப்பது உண்மைதான், ஆனால் சக்கை மட்கினால்தான் அது செடிக்குக் கிடைக்கும். மட்கச்செய்யும் நுண்ணுயிர்களோ முதலில் மண்ணில் உள்ள நைட்ரஜனையும் எடுத்துக்கொள்கின்றன. கனமாகப் பரப்பினால் காய்ந்து ஆடைபோல் இறுகி, ஊற்றும் தண்ணீரை உள்ளே விடாது. காபிச் சக்கை மண்ணைப் புளிப்பாக்கும் என்பார்களே, அதையும் லிட்மஸ் தாளில் பார்த்தோம். நிறம் மாறவில்லை. அமிலத்தில் பெரும்பகுதி டிகாஷனோடு இறங்கிவிடுகிறது.

இப்போது நேராகப் போடுவதில்லை. ஈரச் சக்கையைக் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் கோணிச் சாக்கில் உலர்த்துகிறோம். காய்ந்த புங்க இலை, காய்கறித் தோல் இவற்றோடு மட்கு குழியில் சேர்க்கிறோம்; ஐந்து கூடைக்கு ஒரு கூடைக்குமேல் சக்கை வேண்டாம். வாரம் ஒருமுறை கிளறி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு மாதத்தில் மண்வாசனை வந்துவிடும். அதைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் போடுகிறோம்.

அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. "டீத்தூள் சக்கைன்னா எப்படி டீச்சர்?" என்று போன வாரம் கேட்டாள். டீக்கடைச் சக்கையில் பாலும் சர்க்கரையும் இருந்தால் எறும்பு வரும் என்பதால், அவள் வீட்டிலேயே பால் சேர்க்குமுன் வடிகட்டிக் கொண்டுவந்தாள். சிரட்டைகள் வராந்தாவில் வரிசையாக இருக்கின்றன. திங்கட்கிழமை எண்ண வேண்டும்.