புகையான் பூச்சியும் மருந்துப் பிரயோகமும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



நெற்பயிருக்கு நேரும் நாசங்களுள் புகையானால் விளைவது மிகக் கொடியது என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. கதிர் பால் பிடிக்கும் தறுவாயில், செழித்து நின்ற வயலின் நடுவே பயிர் வட்ட வட்டமாகப் பழுத்து, தீப்பட்டதுபோல் புகைந்து, சில நாட்களுக்குள் வைக்கோலாகிச் சாய்ந்துவிடுகின்றது. சங்கத்தில் கடன் பெற்று விதையும் உரமும் வாங்கிய அங்கத்தினர் அவ்வறுவடையை நம்பியே தவணை கட்ட ஒப்பியிருக்கின்றார். ஆதலின் அவர் கலக்கமுற்றுக் கடைக்கு ஓடி மருந்து வாங்கித் தெளிப்பது இயல்பே. ஆயினும், அத்தெளிப்பே சில சமயங்களில் பூச்சியைப் பெருக்கிவிடுகின்றது. அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், அதைத் தடுக்கும் வழி யாது என்பதையும் விளக்குவதே இப்பிரசங்கத்தின் நோக்கமாகும்.

பூச்சியின் இயல்பு

புகையான் பழுப்பு நிறமுள்ள சிறு தத்துப்பூச்சி. இஃது இலையின் மேல் தங்குவதில்லை. தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே, தூரின் அடியில் கூட்டமாகத் தங்கிச் சாற்றை உறிஞ்சுகின்றது. ஆகவே வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இது தென்படாது. பெண் பூச்சி ஒன்று நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இலையுறையைக் கீறி அதனுள்ளே இடும். சுமார் ஒரு வாரத்தில் குஞ்சுகள் வெளிவந்து, ஒரு மாதத்திற்குள் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். நெருக்கி நட்ட வயலும், யூரியா மிகுதியாக இட்ட வயலும், எந்நேரமும் தண்ணீர் தேங்கிய வயலும் இதற்கு உகந்த இருப்பிடங்கள்.

மருந்தால் பூச்சி பெருகுதல்

இப்பூச்சிக்கு வயலிலேயே பகைவர் பலர் உண்டு. தூரடியில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடித்துத் தின்னும். பச்சை நிறமுள்ள மிரிட் நாவாய்ப்பூச்சி புகையானின் முட்டைகளைத் தேடி உறிஞ்சிவிடும். பொறிவண்டும், நீர்மேல் ஓடும் சிறு பூச்சிகளும் தத்தம் பங்கைச் செய்கின்றன. இவை கூலி கேளாத காவற்காரர்கள்.

பயிரின் மேல் மருந்து தெளித்தால், வெளியே திரியும் இக்காவற்காரர்கள் முதலில் மடிகின்றன. இலையுறைக்குள் இருக்கும் முட்டைகளுக்கோ மருந்து எட்டுவதில்லை. ஒரு வாரம் கழித்து அவை பொரிக்கும்பொழுது, உண்பதற்குப் பயிர் நிறைய உண்டு. தடுப்பதற்குச் சிலந்தி இல்லை. சிலந்தியினம் மீண்டும் பெருகுவதற்குள் புகையான் வயலை நிரப்பிவிடுகின்றது. குடியானவர் முதல் மருந்து போதவில்லை என்றெண்ணி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தெளிக்கின்றார். கடன் ஏறுகின்றதேயன்றிப் பூச்சி குறைவதில்லை. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளால் இத்தீங்கு மிகுதியாக விளைகின்றது.

ஜாவாத் தீவின் அனுபவம்

இதற்குச் சிறந்த சான்று இந்தோனேசியா தேசம். அந்நாடு 1984-ல் நெல் விஷயத்தில் தன்னிறைவு அடைந்தது. அக்காலத்தில் பூச்சி மருந்தின் விலையில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக் கொண்டதால், குடியானவர்கள் தேவையிருப்பினும் இல்லாவிடினும் மருந்து தெளித்து வந்தனர். 1985, 1986 ஆண்டுகளில் ஜாவாவின் வயல்களைப் புகையான் பெருவாரியாகத் தாக்கிற்று. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஆராய்ச்சிகள், மருந்தினால் இயற்கைப் பகைவர் அழிவதே இத்தகைய பெருக்கத்திற்கு முக்கிய காரணம் என்று முன்னரே காட்டியிருந்தன. 1986 நவம்பரில் அந்நாட்டு ஜனாதிபதி, நெற்பயிருக்கு 57 வகை மருந்துகளை உபயோகிக்கலாகாது என்று உத்தரவிட்டார். 1989-க்குள் மருந்துக்கான அரசாங்க உதவியும் நிறுத்தப்பட்டது. மருந்துச் செலவு பெரிதும் குறைந்தது. நெல் விளைச்சலோ குறையவில்லை.

அவ்வாண்டிலேயே குடியானவர்களுக்கென வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. சுமார் இருபத்தைந்து பேர் வாரம் ஒருமுறை வயலில் கூடி, பூச்சிகளை எண்ணி, கண்டதைப் படமாக வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாவா என்று தாமே தீர்மானித்தனர்.

செய்யத்தக்கவை

முதலாவது, நடும்பொழுதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுதல் வேண்டும். காற்றும் வெயிலும் தூரடிக்குச் செல்லும்; பின்னர் மருந்து தேவைப்படினும் உள்ளே சென்று தெளிக்க வழி இருக்கும்.

இரண்டாவது, யூரியாவை ஒரே முறையில் கொட்டாமல் பகுத்து இடுதல் வேண்டும். மண் பரிசோதனையில் கண்ட அளவை மீறலாகாது.

மூன்றாவது, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுதல் வேண்டும். புகையான் கண்டவுடன் செய்யத்தக்க முதற் காரியம் தண்ணீரை வடித்தலேயாகும்.

நான்காவது, பூச்சியைத் தாங்கும் ரகங்களைப் பயிரிடுதல் நலம். ஆயினும் அவற்றையே முற்றிலும் நம்புதல் தகாது. 1973-ல் வெளியான ஐ.ஆர். 26 என்னும் ரகம் புகையானைத் தாங்கி நின்றது. சில ஆண்டுகளுக்குள் அதையும் தாக்கவல்ல பூச்சியினம் தோன்றிவிட்டது.

ஐந்தாவதும் முக்கியமானதும், எண்ணிப் பார்த்தல். வாரம் ஒருமுறை வயலை மூலைக்கு மூலை குறுக்கே கடந்து, ஆங்காங்கு 20 குத்துக்களைத் தட்டி, அடியில் உள்ள பூச்சிகளையும் சிலந்திகளையும் எண்ணுதல் வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையானும், குத்துக்கு ஒரு சிலந்தி உள்ள வயலில் தூருக்கு இரண்டு புகையானும் கண்டாலன்றி மருந்து தேவையில்லை. உதாரணமாக, குத்துக்கு 15 தூர் வீதம் 20 குத்துக்களில் 300 தூர்கள் உண்டு. ஆங்கு 200 பூச்சிகளே காணப்படின், மருந்து வாங்கும் பணம் கையிலேயே இருக்கட்டும்.

பூச்சி அவ்வெல்லையை நெருங்கும்பொழுது வேப்பங்கொட்டைச் சாற்றை உபயோகிக்கலாம். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைத்துத் தெளித்தல் வேண்டும்.

மருந்து தெளிப்பவர் கவனத்திற்கு

இரசாயன மருந்து இன்றியமையாததாயின், விவசாய இலாகாவினர் புகையானுக்கென்று கூறும் மருந்தை, கூறும் அளவிலேயே, தண்ணீரை வடித்துத் தூரடியில் படும்படி தெளித்தல் வேண்டும். புட்டியின் மேலுள்ள முக்கோணத்தைக் கவனித்தல் அவசியம்: சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை ஆகியவை முறையே குறைந்த விஷத்தைக் குறிக்கும். பச்சையாயினும் விஷமே என்பதை மறத்தலாகாது. கையால் கலக்குதல், காற்றுக்கு எதிரே தெளித்தல், இடையே பீடி புகைத்தல் ஆகியவை உயிருக்கு ஆபத்து. முழு உடையும், கையுறையும், முகமூடியும் அணிதல் வேண்டும். காலிப் புட்டியை வீட்டுக் காரியத்திற்கு உபயோகித்தல் கூடவே கூடாது. தெளித்தவருக்குத் தலைசுற்றலோ வாந்தியோ கண்டால், மருந்துப் புட்டியின் சீட்டுடன் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

சங்கத்தின் கடமை

புகையானுக்கு வரப்பு இல்லை. ஒருவர் வயலில் சிலந்தியைக் கொன்றால் பக்கத்து வயலுக்கும் கேடு; ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நட்டால் பூச்சிக்கு இடைவிடாத விருந்து. ஆகவே இது தனியொருவர் செய்யக்கூடிய காரியமன்று. ஒரு மடையின்கீழ் உள்ள அங்கத்தினர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடவு செய்யவும், வாரத்தில் ஒரு நாளைக் குறித்து ஒன்றாக வயல் பார்க்கவும், எண்ணிய கணக்கைச் சங்கக் கட்டடத்துப் பலகையில் எழுதி வைக்கவும் தீர்மானிக்கலாம். அக்கணக்கைக் கண்ட பின்னரே மருந்துக்குக் கடன் வழங்குதல் என்ற ஏற்பாடும் நன்மை பயக்கும். கையுறைகளையும் முகமூடிகளையும் நல்ல தெளிப்பான்களையும் சங்கமே வாங்கி வாடகைக்குக் கொடுக்கலாம்.

கடனுக்குக் கணக்கு வைக்கக் கற்ற சங்கம் பூச்சிக்கும் கணக்கு வைக்கக் கற்குமாயின், அங்கத்தினரின் பயிரும் பணமும் உடல்நலமும் ஒருங்கே காக்கப்பெறும்.