மஞ்சள், மிளகு, நானோ: மருந்து உள்ளே போனா மட்டும் போதுமா?

போன வாரம் அம்மா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் லேப்டாப் மேலேயே வச்சாங்க. "நானோ குர்குமின்"னு போட்டிருந்துச்சு. "மூட்டு வலிக்கு நல்லதாம்டா. நீதான் இன்ஜினியராச்சே, அதென்ன நானோன்னு பார்த்துச் சொல்லு"ன்னாங்க. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். அதெல்லாம் அம்மாகிட்ட செல்லாது. அதனால உட்கார்ந்து படிச்சேன். இன்னைக்கு எபிசோட் அதுதான்.

மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிறது குர்குமின். ஆய்வகத்துல செல்கள் மேல போட்டா வீக்கத்தைக் குறைக்குது. ஆனா நாம முழுங்கினா, ரத்தத்துல தேடினாலும் கிடைக்காத அளவுக்குத்தான் போய்ச் சேருது. காரணம் ரெண்டு. ஒண்ணு, அது தண்ணியில கரையாது. சட்டையில மஞ்சள் கறை பட்டவங்களுக்கு இது தெரியும். இன்னொண்ணு, குடல் சுவரும் கல்லீரலும். இவங்களை அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி நினைச்சுக்கங்க. தெரியாத பார்சல் வந்தா ஒரு சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிடுவாங்க. அந்தச் சீட்டுதான் குளுக்குரோனிக் அமிலம். அது ஒட்டிக்கிட்டா பொருள் சீக்கிரமே வெளியேறிடும்.

1998-ல பெங்களூரு ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டாங்க. 2 கிராம் குர்குமினோட, மிளகில் இருக்கிற பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தாங்க. ரத்தத்துல சேர்ற அளவு சுமார் 20 மடங்கு கூடிச்சு. மிளகு என்ன பண்ணுது? வாட்ச்மேனைக் கொஞ்ச நேரம் செயலிழக்க வைக்குது. சிக்கலும் அங்கதான். அந்த நேரத்துல மத்த பார்சலும் உள்ளே நுழைஞ்சிடும். வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிட்டோயின் அளவைக்கூட பைப்பரின் ஏத்திவிடும்.

நானோ துகள் போற ரூட்டே வேற. பி.எல்.ஜி.ஏ.ன்னு ஒரு பாலிமர். உடம்புக்குள்ள தானா கரையுற தையல் நூல் இருக்கில்ல, அதே குடும்பம். கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு லாக்டிக் அமிலமாவும் கிளைகாலிக் அமிலமாவும் மாறிடும். உடம்பு அதைச் சமாளிச்சுக்கும். இந்தப் பாலிமரால ஆன நுண்உருண்டைகள்ல மருந்தை அடைச்ச லூப்ரான் டெப்போ ஊசிக்கு 1989-லயே அமெரிக்காவுல அனுமதி கிடைச்சிருக்கு.

அந்த உருண்டையை இன்னும் சின்னதாக்கி, தலைமுடி தடிமனில் பல நூறில் ஒரு பங்கா செஞ்சா அது நானோ துகள். உள்ளே இருக்கிற மருந்து சிதையாம போகும். மேற்பரப்பு பெருகுறதால குடல் சுவரோட நல்லா ஒட்டும். மருந்து மெதுவா வெளிய வரும். 2009-ல எலிகள்ல செஞ்ச ஒரு ஆய்வுல, மிளகுச் சத்தோட கொடுத்த குர்குமினைவிட இப்படிக் கொடுத்தது 9 மடங்கு அதிகமா ரத்தத்துல சேர்ந்துச்சு. இன்ஜினியரிங்கா பார்த்தா, அட்டகாசம்.

சரி, அம்மாவோட டப்பாவுக்கு வருவோம். எந்தப் பாலிமர், துகள் எவ்வளவு பெருசு, எதுவும் அதுல இல்ல. "நானோ"ன்னு மட்டும் இருக்கு. அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. உள்ளே போன மருந்து வேலை செய்யுதா? 2017-ல மருந்து வேதியியல் நிபுணர்கள் சிலர், குர்குமின் மேல நடந்த 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைக் கணக்குல எடுத்துப் பார்த்தாங்க. போலி மருந்தோட ஒப்பிட்டு முறையா நடந்த எதுலயும் அது ஜெயிக்கலைன்னு எழுதினாங்க. டெலிவரி பிரச்சினை தீர்ந்தாலும் பார்சலுக்குள்ள என்ன இருக்குங்கிற கேள்வி அப்படியேதான் நிக்குது.

அதிகமா உள்ளே போறதுக்கும் ஒரு விலை இருக்கு. மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிச்ச 10 பேரைப் பத்தி அமெரிக்க மருத்துவர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. அதுல ஒருத்தர் இறந்துட்டார். சோதிச்ச மாத்திரைகள் சிலதுல மிளகுச் சத்தும் இருந்துச்சு. அபூர்வம்தான். ஆனா அம்மா ஏற்கெனவே பிரஷர் மாத்திரை எடுக்கிறவங்க.

"டாக்டரைக் கேட்காம இதைத் திறக்காதீங்கம்மா"ன்னேன். "அப்போ சாம்பார்ல மஞ்சள் போடலாமாடா?"ன்னு கேட்டாங்க. தாராளமா போடலாம். மஞ்சள் தூள்ல குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், நாம போடுறதோ ஒரு சிட்டிகை.

உங்க வீட்லயும் இப்படி ஒரு டப்பா இருந்தா, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போறப்ப அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!