கடைச் சரக்குக்குப் பூட்டா?

(திருக்கடையூரில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியதை நாம் மறக்கவில்லை. இத்தகைய புயல் எங்கே வரும், எப்போது வரும் என்று முன்கூட்டிக் கணக்கிட உதவுவது சூப்பர் கம்ப்யூட்டர் என்னும் யந்திரம்.

1980-களில் இந்தியா மழைக் கணக்குக்காக இதை அமெரிக்காவிடம் கேட்டது. கேட்டதைவிடச் சக்தி குறைந்த ‘கிரே’ யந்திரம்தான் கிடைத்தது. அதுவும் வானிலைக்கு மட்டுமே என்ற நிபந்தனையோடு! காரணம் என்ன? புயலைக் கணக்கிடும் யந்திரம் அணுகுண்டு வெடிப்பையும் கணக்கிடும் என்ற அச்சம்.

அந்த அச்சம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. கதிர் அறுக்கும் அரிவாள் கழுத்தையும் அறுக்கும். ஆனால் பூட்டு பலித்ததா?

1988-ல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கிற்று. விஜய் பட்கர் தலைமையில் நம் விஞ்ஞானிகள், சந்தையில் விற்ற ‘டிரான்ஸ்பியூட்டர்’ சில்லுகளை இணைத்து 1991-ல் ‘பரம் 8000’ யந்திரத்தை உண்டாக்கினர். 2004-ல் சென்னைத் தரமணியில், கணித விஞ்ஞான நிலையத்தார் 144 கம்ப்யூட்டர்களைப் பிணைத்துக் ‘கப்ரு’வைக் கட்டினர்.

இது எப்படி முடிந்தது? நடவைப் பாருங்கள். ஒருத்தி பல நாள் நடும் வயலை, இருபது பெண்கள் வரிசையில் நின்றால் பொழுது சாய்வதற்குள் முடிப்பார்கள். ஆனால் நாற்றுமுடி வந்து சேரத் தாமதித்தால் எல்லார் கையும் நிற்கும். கம்ப்யூட்டர்களும் அப்படியே. வேலையைப் பங்கிட்டு, விடைகளைத் தாமதமின்றிப் பரிமாற வைப்பதில்தான் திறமை இருக்கிறது. அந்தத் திறமையை எந்தச் சுங்கச் சாவடியில் மறிப்பது?

வேடிக்கையைக் கேளுங்கள்! 2000-ல் ஜப்பான் சர்க்கார், பிள்ளைகள் விளையாடும் ‘பிளேஸ்டேஷன் 2’ பெட்டிக்கே ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது, ராணுவத்துக்குப் பயன்படுமென்று. 2010-ல் அமெரிக்க விமானப்படையே 1,700-க்கு மேற்பட்ட ‘பிளேஸ்டேஷன் 3’ பெட்டிகளை இணைத்து யந்திரம் கட்டிற்று!

எனவே, கடைச் சரக்கைப் பூட்டிச் சமாதானத்தைக் காக்க முடியாது. குண்டுக்கு யுரேனியமோ புளுட்டோனியமோ வேண்டும். அது கடைத்தெருவில் கிடைப்பதில்லை. கண்காணிக்க வேண்டியது அதையே. சிறிய நாட்டில் மட்டுமல்ல, குண்டுகளைக் குவித்து வைத்திருக்கும் பெரிய நாடுகளிலும், நம் நாட்டிலும்.

தோழர்களே! யந்திரம் நம் வரிப்பணம். அது கணக்கிடுவது புயலையா, குண்டையா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. கேட்போம்! புயல் எச்சரிக்கை கடைசிக் குடிசைக்கும் வந்து சேரும்வரை கேட்போம்!