எண்ணிக்கையில் வராதவர்கள்

(கள்ளக்குறிச்சியில் மாணவர்கள் கூட்டிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டீங்க. நான் சண்டைக் கதைகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நூறு பேருக்கு எதிரே ஒருத்தன் நிற்பானே, அந்தக் கதை. உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்துவிட்டு விளக்கை அணைக்கிற கதை. இலக்கியக்காரர்கள் இதைக் குப்பை என்பார்கள். நம்ம ஆட்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் கச்சிராயபாளையம் பக்கம் எங்கள் சேரியில் எழுத்துக் கூட்டத் தெரிந்த எல்லாரும் படித்தது இதைத்தான். என் கவிதைத் தொகுப்பை அங்கே படித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான்.

நான் வங்கியில் எழுத்தர். நாள் முழுக்க எண்ணுகிற வேலை. அதனாலோ என்னவோ, சண்டைக் கதை படிக்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது எண்ணிக்கைதான். இந்தப் பக்கம் எத்தனை பேர், அந்தப் பக்கம் எத்தனை பேர், மிச்சம் எத்தனை குண்டு, தோல்பையில் எத்தனை மடக்குத் தண்ணீர். கதையின் வேகம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று குறையும். நமக்கு வயிற்றைப் பிசையும். வருணனையால் இதைச் செய்ய முடியாது.

நம்ம பக்கத்துச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். தேசிங்கு ராஜன் கதை. செஞ்சியும் கள்ளக்குறிச்சியும் முன்பு ஒரே தென்னாற்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் பிரிந்தது, 2019இல் நாம் தனி மாவட்டம் ஆனோம். கதைக்கு மாவட்டம் கிடையாது. பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடையில் விற்றது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் வரிப்பாக்கி கேட்டுப் படையோடு வருகிறான். நவாப் பக்கம் பல்லாயிரம் பேர். தேசிங்கு பக்கம் சில நூறு குதிரைகள். தோழன் முகமது கான் கலியாணப் பந்தலிலிருந்து எழுந்து ஓடிவருகிறான். நீலவேணி என்று குதிரை. எல்லாரும் சாகிறார்கள். குண்டுபட்டுச் செத்தான் என்பது வரலாறு. வாளை மேலே எறிந்து மார்பில் ஏந்திச் செத்தான் என்பது பாட்டு. பாட்டுதான் நின்றது. பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். இந்து அரசனுக்கு முஸ்லிம் தோழன் உயிர் கொடுக்கிற கதையைச் சனங்கள் கொண்டாடி வைத்திருக்கிறார்கள் என்பதும் சின்ன விசயம் இல்லை.

என் கேள்வி வேறே. குதிரையை எண்ணினார்களே, குதிரைக்குப் புல் அறுத்தவனை எண்ணினார்களா? கோட்டைக்குக் கல் சுமந்தவள் எந்தப் பக்கம்? வரிப்பாக்கி என்கிறார்களே, அது யாருடைய களத்து நெல்? சில நூறு எதிர் பல்லாயிரம் என்ற அந்தக் கணக்கில் நம்ம ஆட்கள் எந்தப் பக்கமும் வரவில்லை.

இன்னும் கிட்டே வாங்க. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கூவாகம். சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா. பாரதச் சண்டையில் பாண்டவர் பக்கம் 7 அக்குரோணி, கவுரவர் பக்கம் 11. ஆள் குறைவு. ஜெயிக்க வேண்டுமானால் களப்பலி வேண்டும். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஆள் வேண்டும். கண்ணனுக்கு அது இருக்கு, அர்ச்சுனனுக்கு இருக்கு, அரவானுக்கு இருக்கு என்று கூத்தில் சொல்வார்கள். கண்ணனைக் கொடுக்க முடியுமா? அர்ச்சுனன் இல்லாமல் சண்டை ஏது? நாகர் குலத்து உலூபி பெத்த பிள்ளை, அரண்மனையில் வளராத பிள்ளை, அவன் கழுத்துதான் கிடைத்தது. கொஞ்சம் பேர் நிறையப் பேரை ஜெயிக்கிற கதை எல்லாவற்றிலும் இப்படி ஒரு கழுத்து எங்கேயாவது இருக்கும். தேடிப் பாருங்கள்.

'எங்களிலும் வீரன் இருக்கானே, மதுரை வீரன்' என்று கேட்பீர்கள். சரி. பொம்மியைத் தூக்கிக்கொண்டு போகிறான், துரத்தி வந்த படையை ஒற்றை ஆளாக நின்று வெட்டுகிறான். விறுவிறுப்பு என்றால் அதுதான். ஆனால் பெரிய எழுத்துப் புத்தகம் என்ன சொல்லுது? அவன் காசி ராஜன் மகன். கொடி சுற்றிப் பிறந்தான் என்று காட்டில் போட்டார்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தான், அவ்வளவுதான். இத்தனை பேரை வெட்டியவன் சக்கிலியர் வயிற்றில் பிறந்திருக்க முடியாது என்று யாரோ ஒருத்தருக்கு உறுத்தியிருக்கிறது. ராஜ ரத்தம் பிறகு ஏற்றியது என்று நம் ஆய்வாளர்கள் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறார்கள். காத்தவராயனுக்கும் இதே மருத்துவம்தான். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அந்த ராஜ பிறப்பை விடவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றை ஜப்பான்காரன் செய்திருக்கிறான். அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்', 1954. ஊரைக் கொள்ளையடிக்க வரும் 40 பேரை ஏழு பேர் தடுக்கிறார்கள். தலைவன் ஒரு தாளில் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்து, ஒரு கொள்ளையன் விழுந்தால் ஒரு வட்டத்தை அடிக்கிறான். நான் பேரேட்டில் செய்கிற வேலையேதான். அந்த ஏழு பேரில் கிக்குசியோ என்று ஒருத்தன். தானும் சாமுராய்தான் என்று வம்சாவளிச் சுருளைக் காட்டுகிறான். படித்துப் பார்த்தால் அந்தப் பெயருக்கு உரியவனுக்கு 13 வயது. திருட்டுச் சுருள். இவன் குடியானவன் மகன். சுருள் பொய் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் அவன் அந்த ஏழில் ஒருத்தனாகவே நின்று சாகிறான். நம் கதைக்காரர்கள் சக்கிலியர் பிள்ளையின் கையில் ராஜ வம்சச் சுருளைத் திணித்தார்கள். அங்கே அந்தச் சுருளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் ஆளே தெரிகிறான். கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். மூன்றரை மணி நேரம் ஓடும், சலிக்காது.

பெரிய எழுத்துக்குப் பிறகு எங்களுக்கு வந்து சேர்ந்தது காமிக்ஸ். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ், அதே ஆண்டு ராணி காமிக்ஸ். ராணி 2005இல் நின்றது. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் பழைய பேப்பர் கடையில் அட்டை போன பிரதிகள்தான். கடைசிப் பக்கம் இல்லாவிட்டால் முடிவை நாங்களே சொல்லிக்கொள்வோம். முகமூடி வீரர் மாயாவி காட்டை ஆள்வார், குள்ளர்கள் காவல் நிற்பார்கள். டெக்ஸ் வில்லர் நாலு பேரோடு பாறைக்குப் பின்னால் ஒளிந்து நாற்பது பேரைச் சுடுவார். டெக்ஸ் நியாயமான ஆள், செவ்விந்தியருக்கு ஒன்று என்றால் முன்னால் நிற்பவர், நவஜோக்களின் தலைவர் வேறு. ஆனால் அந்தத் தலைவரும் ஒரு வெள்ளைக்காரர்தான். கல்வராயன் மலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, மலைவாசிகளை ஒரு வெளியாள் ஆள்வதற்குக் கைதட்டியிருக்கிறோம். நமக்குப் பின்னாலேயே மலை இருந்தது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது 1947இல். மலையில் ஜாகிர் போனது 1976இல். அத்தனை காலம் மலையாளிச் சனங்கள் ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். வெள்ளிமலை பஸ்ஸில் இப்போதும் அந்தக் கதையைச் சொல்லும் பெரியவர்கள் வருவார்கள். அதை யாரும் படம் போட்டுப் பதினாறு பக்கத்தில் அச்சடிக்கவில்லை.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். கொஞ்சம் கசக்கும். கோரேகான் பற்றி நம் மேடைகளில் என்ன பேசுகிறோம்? 500 மகர்கள் 28,000 பேஷ்வா படையை வெட்டிச் சாய்த்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கு. நடந்தது அது இல்லை. 1818 ஜனவரி 1. கம்பெனிப் படை மொத்தம் சுமார் 800. காலாட்படை 500, மீதி குதிரைப்படை, இரண்டு பீரங்கி. அந்தப் பீரங்கிக்காரர்கள் சென்னைப் படையைச் சேர்ந்தவர்கள் என்பதை நம் ஆட்கள் யாரும் சொல்வதே இல்லை! காலாளில் மகர்கள் நிறைய, ஆனால் எல்லாரும் மகர்கள் இல்லை. பேஷ்வாவிடம் 20,000க்கு மேல் படை இருந்தது உண்மை. ஊருக்குள் புகுந்து தாக்கியவர்கள் சுமார் 2,000. 800க்கு 2,000 போதாதா? எதற்கு ஊதிப் பெருக்க வேண்டும்? ஊதிய கணக்கை எதிரி ஒரே நிமிடத்தில் உடைப்பான். உடைத்துவிட்டு, அங்கே நீ நிற்கவே இல்லை என்பான். 2018இல் 200ஆம் ஆண்டுக்குப் போன நம் சனங்களைக் கல்லால் அடித்தவர்கள் அப்படித்தான் பேசினார்கள்.

உண்மையான கதையில் இருக்கிற விறுவிறுப்பை நாம் தொடவே இல்லை. டிசம்பர் 31 இரவு ஷிரூரிலிருந்து கிளம்பி விடிய விடிய நடக்கிறார்கள். சுமார் 40 கிலோமீட்டர். சோறு இல்லை. வந்து பார்த்தால் எதிரே கடல் மாதிரி குதிரைப்படை. பகல் முழுக்கத் தெருத்தெருவாகச் சண்டை. பக்கத்திலேயே பீமா ஆறு ஓடுகிறது, ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை. ஒரு பீரங்கி பறிபோய்த் திரும்பி வருகிறது. இரவு ஒன்பது மணிக்குத்தான் எதிரி விலகுகிறான். செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் 275 பேர். அங்கே நிற்கிற தூணில் செத்தவர் பெயர் 49. அதில் 22 பெயர் 'நாக்' என்று முடிகிறது, அதாவது மகர்கள். தூணில் பெயர் வெட்டிய அதே வெள்ளைக்காரன் 1890களில் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தினான். எண்ணத் தெரிந்தவனுக்குக் கணக்கிலிருந்து அடிக்கவும் தெரியும்.

அந்தத் தூணுக்கு அம்பேத்கர் போனது 1927 ஜனவரி 1. அதே ஆண்டு மார்ச் 20இல் மகாத், சவுதார் குளம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆற்றங்கரையில் தண்ணீர் கிடைக்காமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளுகிறார்கள். பிறகு தடியோடு வருகிறது கூட்டம். தனித்தனியாகச் சிக்கியவர்களுக்கு அடி. இந்தப் பக்கம் பட்டாளத்தில் இருந்து வந்த மகர்கள் இருக்கிறார்கள். சண்டை தெரிந்த கைகள், ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கின்றன. அம்பேத்கர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவர்களும் கையை ஓங்கவில்லை. டெக்ஸ் கதை எழுதுகிறவனிடம் இந்த இடத்தைக் கொடுத்தால் திணறிப் போவான். சுடாமல் நிற்பதை எப்படி வேகமாகச் சொல்வது? எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த நிமிடத்தைவிடப் பதற்றமான ஒன்றை நான் எந்தக் காமிக்ஸிலும் பார்த்ததில்லை. சாதி இந்துக்கள் 108 பானை சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கொட்டிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். பானையை எண்ணி வைத்திருக்கிறார்கள் பாருங்க. வழக்கு முடிந்து நமக்குத் தீர்ப்பு வர 1937 ஆனது.

ஆக, சண்டைக் கதையை எழுதுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். மாணவர்கள்தான் எழுத வேண்டும், எங்களுக்கு வேகம் போய்விட்டது, படிமம் படிமமாக எழுதிக் கெட்டுப்போனோம். ராஜ பிறப்பு வேண்டாம். முடிந்தால் நாயகனைச் சாகடிக்காதீர்கள். நம் சுவரொட்டிகளில் ஏற்கெனவே படங்கள் நிறைய இருக்கின்றன. மறுநாள் காலையில் அவன் கூலிக்கோ காலேஜுக்கோ போகட்டும். குண்டை எண்ணுகிற இடத்தில் சோற்றையும் எண்ணுங்கள், ஆக்கிப் போட்டவளையும் எண்ணுங்கள். மலைக்குப் போகிறவர்கள் ஜாகிர் காலத்துப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, தேதியும் ஊரும் சரிபார்த்து எழுதுங்கள். ஊதாதீர்கள். இதழில் பதினாறு பக்கம் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் சம்மதித்துவிட்டார். கையெழுத்துப் பிரதியானாலும் பரவாயில்லை, பக்க எண் மட்டும் போட்டுக் கொடுங்கள். கவிதை வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கு.